டேப்புக்குள் ஒரு விரல்

அளவு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பழைய ஜாக்கெட் பழைய உடம்பைத்தான் சொல்லும். "அதைப் பைக்குள்ள வைங்க. இங்குட்டு வந்து நில்லுங்க" என்று டேப்பை எடுப்பேன். காரைக்குடியில் என்னிடம் தைப்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது திட்டு வாங்கியவர்கள்தான். "இந்த அக்காவுக்கு வாய்தான் நீளம், ஜாக்கெட்டு தோள் இறங்காது" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

மகளுக்கும் அதே சட்டம். ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போன பிறகு, அவள் ஊருக்கு வந்து பையைக் கீழே வைத்ததும் நிறுத்தி வைத்து அளப்பேன். மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோகும்போது என் முகம் அவள் தோளில் படும். வளர்ந்த பெண்ணைக் காரணமில்லாமல் கட்டிப்பிடிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கையில் டேப் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இந்தப் பொங்கலுக்கு லீவு இல்லை என்று போனில் சொன்னாள். ஆபீசில் பொங்கல் வைக்கிறார்களாம். நான் எடுத்துக் கொடுத்த கண்டாங்கிச் சேலைக்கு ஜாக்கெட் வேண்டுமாம்.

"அளவை நான் சொல்றேம்மா. தச்சுக் கொரியர்ல அனுப்பிரு."

"உன் முதுகை நீயே எப்படிடி அளப்ப?"

"ரூம்ல கூட இருக்கிறவ எடுத்தா. நீ சொல்ற மாதிரி இறுக்காம, டேப்புக்குள்ள ஒரு விரல் விட்டுத்தான் பிடிச்சா."

எனக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாத அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பிரவுன் பேப்பரை விரித்தேன். கல்லோடு கல் சேரும் கோட்டை ஒட்டிப் பேப்பரின் விளிம்பை வைத்தால் கோணாது. மார்புச் சுற்றளவில் கால் பங்கு, அதற்குமேல் கொஞ்சம் தளர்வு, தோளில் பாதி என்று கோடு போடப்போட அவள் பேப்பரில் வந்து நின்றாள். இடுப்பு குறைந்திருந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளோ என்னவோ.

கையை இணைக்கிற கைக்குழிக்கு வந்ததும் பென்சில் நின்றது. இதைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் கை தூக்க முடியாது. பிரித்துத் தைக்க என்னிடம்தான் வந்தாகவேண்டும். குழியைக் குறுக்கி வளைத்தும்விட்டேன். நாலு பேர் நடுவில் என் பிள்ளை அக்குளில் பிடிக்கிற ஜாக்கெட்டோடு நிற்பதா? ரப்பரால் அழித்துவிட்டு, சரியான கோட்டிலேயே வெட்டினேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் ஆபீஸ் பொங்கலுக்கு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போட்டோ அனுப்பியிருந்தாள். பானைமேல் குனிந்து, கையைத் தூக்கி, முதுகைக் காட்டி என்று விதவிதமாக. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கைக்குழியில் ஒரு சுருக்கம் இல்லை. கை விளிம்பில் சரியாக ஒரு விரல் இடம். எங்காவது ஒரு குறை இருக்காதா என்று மறுபடி மறுபடி தேடினேன். இல்லை. அவ்வளவு நன்றாகத் தைத்துத் தொலைத்திருந்தேன்.

பொங்கலன்று பால் பொங்கியபோதும் போனை எடுத்து அந்தப் போட்டோக்களைத்தான் பார்த்தேன். சாயங்காலம் போன் வந்தது.

"அம்மா, ஜாக்கெட்டு கை ரொம்ப டைட்டும்மா. தூக்கவே முடியல. நீ பிரிச்சாத்தான் சரியா வரும். அடுத்த வாரம் லீவு போட்டுட்டு வாரேன்."

என் தையலைக் குறை சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை.

"ஆமாடி, தப்பாத்தான் வெட்டிட்டேன்" என்றேன். "சீக்கிரம் வா."