செம்பனைக் குலையில் நார் எடுத்த அக்கா

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத அக்காவின் மகள், என் மருமகள்தான் என்னைக் கேட்டாள். "மாமா, அம்மாவோட வேலையப் பத்தி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள். தெரியும் என்பதாலேயே எழுதத் தயங்கினேன். காரணம் போகப் போகத் தங்களுக்கே விளங்கும்.

மலாக்கா மாநிலத்தில் மெர்லிமாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் அக்கா பிறந்தார். அப்பா குலை வெட்டினார். அம்மா நாற்றுப் பண்ணையில் கருப்புப் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பினார். கன்றை நட்டபின் கிழித்து எறியும் அந்தப் பைகள் மழைக்காலத்தில் கால்வாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வீட்டுக்குள் வரும். பள்ளியிறுதி ஐந்தாம் படிவத் தேர்வுக்கு முந்தின வாரம் அப்படி வந்த தண்ணீரில் அக்காவின் நோட்டுகள் எல்லாம் நனைந்தன. வகுப்புத் தோழியின் நோட்டுகளை இரவல் வாங்கிப் படித்துத் தேறினார்.

பிறகு செம்பனை எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலைகள் ஆலைக்குப் பின்னால் மலைபோல் குவிந்துகிடக்கும். கொஞ்சம் தோட்டத்துக்கு உரமாகப் போகும். மீதி அங்கேயே மக்கி, வண்டு பெருகி நாறும். அந்த வண்டு இளஞ்செம்பனையின் குருத்தைத் தின்றுவிடும். அக்கா ஒரு நாள் ஒரு குலையைப் பிய்த்து, சவுக்காரம் போட்டுக் கொதிக்கவைத்து, எண்ணெய் போக அலசிக் காயவைத்தார். தேங்காய் நார்போலவே முறுக்கான நார் வந்தது.

"இத வச்சி என்னாம்மா பண்ணப் போற? குப்பைதான லா" என்று ஆலையில் சிரித்தார்களாம்.

"கன்னு வைக்கிற தொட்டி பண்ணப் போறேன். தொட்டியோடயே குழில நட்டுடலாம். கிழிச்சிப் போடவேண்டியதில்ல" என்றாராம் அக்கா.

அக்காவின் கணவர் இறந்த மறு ஆண்டு அக்கா ஆலை வேலையை விட்டார். மெர்லிமாவில் ஒரு பழைய கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். தோட்டம் கைமாறியதில் வேலை இழந்த ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். நான் லாரி ஓட்டினேன். குலையைத் துண்டாக்கி, அலசி, உலர்த்தி, அடித்து நாராக்குவோம். அதை மரவள்ளி மாவுக் கஞ்சியில் பிசைந்து அச்சில் அழுத்துவோம். வெயிலில் காய்ந்ததும் கைக்கு அடக்கமான பழுப்புத் தொட்டி.

ஜாசின் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருந்த சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், முதலில் வாங்கினார். பத்து நாள் மழை பெய்தது. தொட்டிகள் ஊறி, பூசணம் பிடித்து, தூக்கும்போதே கையில் உதிர்ந்தன. "இன்னொரு தடவ பார்ப்பேன். அப்பவும் ஒடஞ்சா, பழைய கருப்புப் பைக்கே போயிடுவேன்" என்றார்.

இனி எழுதப்போவது இதுவரை நம் குடும்பத்தில் யாருக்கும் தெரியாதது.

அந்த இரண்டாவது தடவைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். பெண்கள் வேலை முடித்துப் போன மாலைகளில், தச்சு வேலைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் பசையை வாங்கிவந்து, மறுநாளைக்குக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியில் கலந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. தொட்டிகள் கல்லாய் நின்றன. தவுக்கே மகிழ்ந்தார், அக்காவும் மகிழ்ந்தார். கஞ்சியை நன்றாகக் காய்ச்சியதுதான் காரணம் என்று அந்தப் பெண்களைப் பாராட்டினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறையும் செய்ததில் இரண்டு தொட்டிகளை எடுத்து, வீட்டில் கன்று வைத்துப் பார்ப்பது அக்காவின் வழக்கம். சில வாரங்கள் கழித்து என்னைக் கூப்பிட்டார். ஒரு தொட்டியை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தார். வேர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுருண்டு சுற்றியிருந்தது.

"தம்பி, இதுல என்னா கலந்த?"

"கொஞ்சம் பசைக்கா. மழ தாங்கணும்ல. இல்லன்னா ஆறு பேருக்கும் வேல போயிடும்."

அக்கா திட்டவில்லை. "லாரிய எடு" என்றார். பிளந்த தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜாசின்வரை வந்தார்.

தவுக்கேயிடம் மலாய் மொழியில்தான் பேசினார். தொட்டியில் பிளாஸ்டிக் பசை கலந்திருக்கிறது, இதோடு நட்டால் கன்று தேறாது, எல்லாவற்றையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார். தவுக்கேக்கு முகம் சிவந்துவிட்டது. "யார் கலந்தது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"என் பட்டறையில நடந்தது. நான்தான் பொறுப்பு."

"இத்தனை கன்றையும் யார் மாற்றுவது?"

"நாங்க மாத்துறோம்."

நான்கு நாள் ஆயிற்று. அக்கா, ஆறு பெண்கள், நான். ஒவ்வொரு தொட்டியாக அறுத்து, வேர் அறாமல் கன்றை எடுத்து, தவுக்கேயின் கருப்புப் பைகளில் மாற்றினோம். எந்தப் பையை ஒழிக்க வேண்டும் என்று கிளம்பினாரோ, அதே பையில் அக்கா தன் கையால் மண் நிரப்பினார். அதைப் பார்க்க மாட்டாமல் லாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அக்கா வந்து, "அழுதது போதும். அந்த மூலயில இன்னும் நாப்பது இருக்கு" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பெண்களிடம்கூட, பசை எப்படி வந்தது என்று சொல்லவில்லை.

பட்டறை சில மாதம் மூடிக் கிடந்தது. திறக்க வழி காட்டியவர் அந்த ஆறு பேரில் ஒருவரான மாரியம்மா. முன்பு புலாவ் செபாங் பக்கம் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர். ஒரு நாள் போத்தலில் ரப்பர் பாலோடு வந்தார்.

"அக்கா, பால் சிந்துன சட்டையில மழத்தண்ணி நிக்காது, வழிஞ்சி ஓடிரும். நாரையும் இதுல தோச்சிப் பாருங்களேன்."

அக்கா பார்த்தார். பால் கெட்டியாக இருந்தால் வேர் நுழையவில்லை. நீர்த்துப்போனால் தொட்டி உதிர்ந்தது. சோதனைக்கூடத்தில் பழகிய கை அல்லவா, அளவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு தொட்டி ஒரு மழைக்காலம் முழுவதும் வெளியே நின்றது. அதன் சுவரைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு பெண்களின் வீடு வீடாகப் போய்க் காட்டினார்.

அதைத் தவுக்கேயிடம் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் இல்லை. அவரே கேள்விப்பட்டுப் பட்டறைக்கு வந்தார். "தவறை வந்து சொன்ன ஒரே ஆள் நீதான். உன் பொருளைச் சோதிக்காமலே வாங்குவேன்" என்றார். அக்கா சிரித்து, "வேணாம் தவுக்கே, சோதிச்சே வாங்குங்க" என்றார்.

பிறகு சரிவில் மண் அரிக்காமல் விரிக்கும் நார்ப்பாயும் செய்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் படம் எடுக்க நின்றபோது, அக்கா மாரியம்மாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். "கண்டுபிடிச்சது இவங்க. பேரச் சரியா எழுதிக்குங்க" என்றார்.

பின்னாளில் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் மலாக்கா டவுனில் டயாலிசிஸ். அன்றும் பிற்பகலில் பட்டறைக்கு வந்துவிடுவார். கடைசி வாரம் மருத்துவமனையில் நான் அவரோடு தனியே இருந்தபோது, "அக்கா, அந்தப் பசை விஷயத்த நான் எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"உனக்குப் பாரமா இருந்தா சொல்லு. எனக்கு இல்ல" என்றார்.

எனக்குப் பாரமாகத்தான் இருந்தது. எழுதிவிட்டேன்.

டயாலிசிஸ் நிலையத்துத் தாதியர், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அண்டை வீட்டு மலாய்க் குடும்பத்தார், மருமகளுக்கு ஆறுதலாக நின்ற உறவுகள், தொலைவிலிருந்து வந்த தோட்டத்து மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் கருமக்கிரியைகள் முடிந்த அன்று பட்டறையை எத்தனை நாள் மூடலாம் என்று பெண்களிடம் கேட்டேன். மாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அலசுன நாரு அப்படியே கெடக்கு தம்பி, காயப் போடலன்னா வீணாயிடும்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஆறு பேரும் வந்திருந்தார்கள்.

இப்படிக்கு,
தம்பி