சொல்தா வண்டிக்கு வந்த பெட்டி

தெய்வசிகாமணியைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. ஆனால் அந்த ஷெட்டில் அவரோடு பதினொரு வருஷம் குப்பை கொட்டியவன் நான் ஒருத்தன்தான். நடந்தது முழுசாகத் தெரிந்தவனும் நான்தான்.

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டி எங்கள் ஷெட். அவர் இன்ஜின் மேஸ்திரி. நான் அருள்முருகன், வயரிங் வேலை. அவருக்குச் சேதராப்பட்டுப் பக்கம் ஊர், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பழகி, அப்படியே டவுனுக்கு வந்து காரில் கை வைத்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றுபோச்சு. மனுஷனுக்குக் கோபம் என்பதே வராது. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வண்டி. பலராமன் என்று ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம், கூப்பிடுவது 'முசியே' என்று. வரும்போது கப்பலில் ஒரு பழைய பிரெஞ்சுக் காரையும் கொண்டுவந்துவிட்டார். அதில் கார்புரேட்டர் கிடையாது. பெல்ட்டில் சுற்றும் ஒரு இரும்புப் பம்ப், நாலு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து பீய்ச்சும். புதுச்சேரியில் அந்தப் பம்ப்பைப் பிரித்து மாட்டத் துணிந்த ஒரே ஆள் தெய்வசிகாமணி. 2006-ல் அது உள்ளே தேய்ந்துபோய், வண்டி பெட்ரோலைக் குடித்துவிட்டுக் கறுப்புப் புகையைக் கக்கியது. பாரிசில் இருந்த மகன் தேடிப் பார்த்தும் பார்ட்ஸ் கிடைக்கவில்லை.

"பம்ப்ப தூக்கிக் கடாசிட்டு எலக்ட்ரானிக்கா மாத்திடலாம் முசியே," என்றார் தெய்வசிகாமணி.

"உன்னால முடியுமாய்யா?"

"முடியும். மூள மாதிரி ஒரு பொட்டி வேணும். அத மட்டும் புள்ளய அனுப்பச் சொல்லுங்க."

மகன் அனுப்பினான். கையகல அலுமினியப் பெட்டி, அதில் மாட்டிப் பார்க்க ஒரு பழைய லேப்டாப், கூடவே தடியாக ஒரு பிரெஞ்சுப் புத்தகம்.

அதே வாரம் சேதராப்பட்டில் பைப் செய்யும் கம்பெனி ஒன்று இவரை மெயின்டனன்ஸ் வேலைக்குக் கூப்பிட்டது. பர்மனென்ட். அவர் மனைவி அமிர்தவல்லி அக்கா ஷெட்டுக்கே வந்து சண்டை போட்டாள்.

"வாசல் தேடி வந்த வேலய வேணாங்கறியே, நீ மனுசனா?"

"இந்த வண்டி மட்டும் ஓடட்டும்டி. இன்னும் நாலு சொல்தாங்க இதே மாதிரி வண்டிய வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க. அப்புறம் நான் எதுக்கு இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிக்கணும்?"

வந்த வேலையை வேண்டாமென்று விட்டார். அந்த வண்டி ஓடுவதில்தான் அவர் பிழைப்பே இருந்தது. எனக்கும் அது நன்றாகத் தெரியும்.

மூன்று மாசம் ஆனது. பலராமன் ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பட்டாளத்துப் பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொல்வார். தெய்வசிகாமணி கேட்டுக்கொண்டே வேலை செய்வார். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் உட்கார, காற்று போகும் இன்டேக் குழாயில் நாலு இடத்தில் துளைத்து வெல்டிங் வைத்தார். டாங்கியிலிருந்து புது லைன் இழுத்து எலக்ட்ரிக் பம்ப் வைத்தார். இன்ஜின் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிய ஒரு பல் சக்கரத்தைக் கையாலேயே அராவினார். லேப்டாப்பைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆள், கடைசியில் திரையைப் பார்த்தே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கக் கற்றுக்கொண்டார்.

வயரிங் என்னுடையது. பெட்டியைக் காருக்குள்ளே, டாஷ்போர்டுக்கு அடியில் வைக்க வேண்டும், தண்ணீர் ஆகாது என்று புத்தகத்தில் இருந்தது. ஆனால் நான் கட்டிய வயர் இரண்டடி குறைந்துவிட்டது. இருபத்தேழு வயரையும் திரும்ப இழுத்துப் பற்றவைக்க எனக்குச் சோம்பல்.

"பேட்டரி பக்கத்துலயே மாட்டிடலாம்ணே, ஒண்ணும் ஆவாது," என்றேன்.

பேட்டரி பக்கத்தில் கையை வைத்து இடத்தை அளந்தார். "சரி. ஆனா இன்ஜின கழுவுறப்ப பொட்டிய கழட்டிட்டுத்தான் கழுவணும், என்னா?" என்றார்.

வண்டி ஓடியது. கடற்கரைச் சாலையில் பூனை மாதிரிப் போனது. சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே பிடித்தது. பலராமன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். மகன் வருகிறான், சென்னை ஏர்போர்ட்டுக்கு இதே வண்டியில் போய்க் கூட்டி வரப்போகிறேன் என்றார். மற்ற சொல்தாக்களும், அது மெட்ராஸ் போய்த் திரும்பட்டும், எங்கள் வண்டியையும் தருகிறோம் என்றார்கள்.

அதற்குப் பத்து நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் பார்க்கும் வண்டிகளெல்லாம் அன்றைக்கு எங்களிடமே பூஜைக்கு வரும். பானெட்டைத் திறந்து, சோப்புத்தூள் போட்டு, ஹோஸ் பிடித்து இன்ஜின் முதற்கொண்டு கழுவி, சந்தனம் குங்குமம் வைப்போம். கழுவுவது வருஷா வருஷம் என் வேலை. தெய்வசிகாமணி பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போயிருந்தார். வரிசையில் பதினாலு வண்டி. பெட்டிக்கு நாலு ஸ்க்ரூ, இரண்டு பெரிய பிளக். அதைக் கழற்ற ஐந்து நிமிஷம் ஆகும். நான் ஒரு கேரி பேக்கைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். ஹோஸைப் பிடித்தேன்.

திரும்பி வந்ததும் கேட்டார், "பொட்டிய கழட்டினியா?"

"கழட்டி மாட்டிட்டேண்ணே."

வண்டி ஸ்டார்ட் ஆனது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கம்பீரமாகப் போனது. எனக்கும் நிம்மதி.

பத்தாம் நாள் திண்டிவனம் தாண்டியதும் நின்றுவிட்டது. மகன் ஏர்போர்ட்டில் நாலு மணி நேரம் காத்துக் கிடந்தான். அப்பாவும் மகனும் டாக்சியில் வீடு வந்து சேர்ந்தார்கள். வண்டி லாரியில் கட்டி ஷெட்டுக்கு வந்தது.

எல்லாரும் சுற்றி நிற்க, தெய்வசிகாமணி பெட்டியைத் திறந்தார். உள்ளே தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஓரத்தில் சோப்புத்தூள் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாய்யா ஆச்சு?" என்று கத்தினார் பலராமன். "மரியாத போச்சுய்யா எனக்கு! யார் பண்ண தப்பு?"

"நான்தாங்க முசியே. வைக்கக் கூடாத எடத்துல வச்சிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். பத்துப் பேர் நின்றார்கள், ஒரு வார்த்தை போதும். அவர் காட்டிக் கொடுக்காதது எனக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு அறை விட்டிருந்தால் நானும் மனுஷனாகியிருப்பேன்.

இன்னொரு பெட்டி அனுப்ப மகன் மறுத்துவிட்டான். பலராமன் வண்டியை எடைக்குப் போட்டார். அந்த நாலு சொல்தாக்களில் ஒருவர்கூட ஷெட் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எட்டாவது படித்தவனை நம்பினால் இப்படித்தான் என்று ஊர் முழுக்கப் பேசினார்கள். தெய்வசிகாமணி சேதராப்பட்டுக் கம்பெனிக்குப் போய்க் கேட்டார். அந்த வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. கான்ட்ராக்டில் பைப் தூக்கி லாரியில் ஏற்றும் வேலை கொடுத்தார்கள். அவர் கையைத் தெரிந்தவன் யாரும் அந்தக் காட்சியைப் பார்க்கக் கூடாது.

ஷெட்டை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஊரில் வருகிற கார் எல்லாம் எலக்ட்ரானிக் ஆகிவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அந்த மூன்று மாசம்தான் எனக்குச் சோறு போடுகிறது. 2009-ல் வாசலில் போர்டு வைத்தேன்: எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் ஸ்பெஷலிஸ்ட் அருள்முருகன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், வேலை முடிந்து சைக்கிளில் போனவர் ஷெட் வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றார். போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் ஹோஸும் கையுமாக நின்றேன். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை.

"போர்டு நல்லாருக்கு முருகா," என்றார். பெடலில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கழுவுறதுக்கு முன்னாடி பொட்டிய கழட்டிடு."