செல்லசாமி அண்ணனின் வருமானம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீடுகளில் செல்லசாமி அண்ணனின் வருமானம் மாதிரி ஏறி இறங்கிய சாமான் வேறு கிடையாது, பெட்ரோல் உட்பட. பொகவந்தலாவைப் பக்கம் வீட்டு வருமானக் கணக்கெடுக்க ஆள் வந்த மூன்று தடவையும் நான் அடுத்த காம்பிராவில்தான் இருந்தேன். நடுச்சுவர் கூரைவரை போகாது. அந்த மனுஷன் தும்மினால் எங்கள் வீட்டு அடுப்பில் சாம்பல் பறக்கும். பொய் சொன்னால் மட்டும் கேட்காதா?

முதல் தடவை, ஏழைகளுக்குத்தான் தனிவீடு என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அண்ணன் டிவியைக் கம்பளியில் சுற்றி எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "ஒருவேள கஞ்சிதாங்க ஐயா" என்று மூக்கைச் சிந்தினார். அடுப்பில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை, மகள் நிலக்ஷிக்கு மாப்பிள்ளை பார்த்த நேரம். மாப்பிள்ளையின் மாமா அங்கேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வருமானம் மூன்று மடங்காகிவிட்டது. முந்தின வருஷம் செத்துப்போன பசுகூட அன்றைக்கு எட்டுப் போத்தல் பால் கறந்தது.

கூட்டினாலும் குறைத்தாலும் அதெல்லாம் தன் உழைப்பு என்று சொல்வதில் மட்டும் அண்ணன் மாறவே இல்லை. உழைப்பாம்! நிலக்ஷி பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமே நெஞ்சுவலி என்று தோட்டத்து வேலையை விட்டவர். கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் அந்த நெஞ்சு நாலு லயத்துக்குக் கேட்கக் கத்தும். மழையோ பனியோ, விடிந்ததும் பெரட்டு வரிசையில் போய் நின்று பேர் கொடுத்து, மலையேறிக் கொழுந்து பறித்தவள் அவர் பெண்சாதி வேலாயி அக்கா. சம்பள நாளன்று தலைசீவிப் பவுடர் பூசிக் கந்தோருக்குப் போய் அக்காவின் சம்பளத்தை வாங்கி வருவது அண்ணன். எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். என் வீட்டுக்காரரும் அதைத்தான் செய்தார், மகராசன்.

நிலக்ஷி கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, "எங்கப்பா ஒழச்சுத்தான் என்னய டீச்சராக்குனாரு" என்று அழுதாள். பந்தலே கைதட்டியது. அக்கா சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள். மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம், "வயிறு எரியுதுடி. பெத்த புள்ளைக்கே தெரியல பாரு. சாகறதுக்குள்ள ஒரு நாளாவது அவளுக்குத் தெரியணும்" என்றாள்.

இந்த வருஷம் மூன்றாம் தடவையாகக் கணக்கெடுக்க வந்தவர் ஹட்டனிலிருந்து ஜிப்ரியா மிஸ். நிவாரணம் வெட்டுப்படும் என்று பயந்து லயமே பிச்சைக்காரக் கோலத்தில் காத்திருந்தது.

"இது நிவாரணத்துக்கு இல்லங்க," என்றார் மிஸ். "இந்தப் பக்கத்துக் குடும்பங்கள வருமானப்படி வரிசையா நிப்பாட்டி, சரியா நடுவுல நிக்கிற குடும்பத்துக்கு எவ்வளவு வருதுன்னு பாக்குறோம். சில வருஷத்துக்கு ஒருக்கா பாத்தா ஏறுதா எறங்குதான்னு வெளங்கும்."

"பெரட்டுல ஆளு நிக்கிற மாதிரியா?" என்றார் அண்ணன்.

"அப்பிடியே வெச்சுக்கங்க."

"அப்ப என்னய நடுவுல நிப்பாட்டுங்க மிஸ். மழையானாலும் நின்னு பழகுன ஆளு."

பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குச் சாக்கோடு அக்கா அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். "நீங்க எந்தக் காலத்துல பெரட்டுல நின்னீங்க?" என்று கேட்டாளே பார்க்கணும்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மிஸ் பேனாவை நிறுத்தினார். "அப்ப ஒங்க பேருக்கு நேரா எழுதுன இந்தச் சம்பளம் யாரோடதுங்க?"

"என் கையிலதாங்க குடுக்குறாங்க," என்றார் அண்ணன். அது பொய்யில்லை. இத்தனை வருஷம் கையில் வாங்கி வாங்கி, தானே பறித்த மாதிரி அந்த மனுஷனே நம்பிவிட்டார்.

"பறிச்சது யாருன்னு கேக்குறாங்க," என்றாள் அக்கா. நான் பலகைமேல் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டிவிட்டேன், வெட்கமாவது ஒன்றாவது.

அண்ணன் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்து முறைத்தார், கடைசியில் அக்காவின் கையைப் பார்த்தார். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்து வெடித்த விரல்கள்.

"அவதாங்க," என்றார். "எம்பேருக்கு நேரா சைபர் போடுங்க."

"போடுறேன். ஆனா மொத்தம் மாறாது. ஒங்க குடும்பம் வரிசையில நின்ன எடத்துலயேதான் நிக்கும்."

"வரிசை கெடக்கட்டும் மிஸ்," என்ற அக்கா, அண்ணனின் சட்டைப்பையிலிருந்து போனை உருவி, நிலக்ஷியின் நம்பரை அழுத்தி, அவர் கையிலேயே திணித்தாள். "புள்ளகிட்ட சொல்லுங்க."

அண்ணன் இரண்டு தடவை இருமினார். நெஞ்சுவலி வரப்போகிறதோ என்று நினைத்தேன். வரவில்லை.

"நிலக்ஷி, அப்பா பேசுறேன். ஒன்னயப் படிக்க வெச்சது ஒங்கம்மா ஒழைப்பு புள்ள. நான் கந்தோருக்குப் போயி வாங்கியாந்தேன், அவ்வளவுதான்."

"அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள் நிலக்ஷி.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.