எதிர்மேசைக்காரியின் ரசீதுகள்

வியாழக்கிழமை மதியம் ஒரு மணி ஆனால் போதும், டென்ஹோம் ஆஸ்க்யூவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். பசியால் அல்ல. எதிர்மேசையில் லோரி பிரைஸ் அந்த வாரத்து ரசீதுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகச் செல்போனில் படம் பிடிப்பாள். பெட்ரோல், ஹவ்டனில் அவள் தங்கும் விடுதி, செவ்வாய் இரவு மீனும் சிப்ஸும். படம் பிடித்து முடித்ததும் ஒரு திருப்தியோடு போனைக் கவிழ்த்து வைப்பாள். அந்தத் திருப்தியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இரண்டு பேரும் கூல் ஊருக்கு வெளியே இருந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தற்காலிக ஒப்பந்தக்காரர்கள். அவன் குழாய் வரைபடங்களைச் சரிபார்ப்பவன், அவள் பம்புகளை ஓட்டிப் பார்ப்பவள். ஒரே ஏஜென்சிதான் இருவரையும் அனுப்பியது. ஏஜென்சி தரும் பணத்தை வாங்கி, இருவருக்கும் வரி பிடித்துச் சம்பளம் போடுவதும் ஒரே 'அம்ப்ரெல்லா', அதாவது குடைக் கம்பெனிதான். அப்படியிருக்க, அவளுக்கு மாதாமாதம் மைல் கணக்கில் பெட்ரோல் செலவு கிடைக்கிறது. டிரிஃபீல்டிலிருந்து தினமும் முப்பத்தெட்டு மைல் வந்து முப்பத்தெட்டு மைல் திரும்பும் டென்ஹோமுக்கு ஒரு பென்னி கிடையாது. கம்பெனிக்குப் போன் செய்தால், "நீங்க ஒரே இடத்துல, மேலாளருக்குக் கீழ வேலை பாக்கறீங்க சார். வீட்டுலேருந்து வேலைக்கு வர்றது உங்க சொந்தச் செலவு" என்று ஒரு பெண் பாட்டுப் பாடுவது மாதிரிச் சொன்னாள்.

"அந்த லோரிகிட்டயே கேட்டுடேன், நீ எப்படி வாங்கறேன்னு. வாய் இல்லையா உனக்கு?" என்றாள் மனைவி ஹெஸ்டர்.

"அவகிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்."

ஐம்பத்தொரு வயது மனிதனுக்கு வரக்கூடாத பொறாமைதான். ஆனாலும் வந்துவிட்டது. அவள் புது மழைக்கோட்டு போட்டு வந்தால் அது தன் மைல்களில் வாங்கியது என்று அவனுக்குத் தோன்றும். மதியம் வீட்டிலிருந்து கொண்டுவந்த சீஸ் சாண்ட்விச்சைக் கடிக்கும்போது, செவ்வாய்க்கிழமை அவள் தின்ற மீன் அவன் தொண்டையில் முள்ளாக நிற்கும். கேன்டீன்காரி மௌட் ஒரு நாள் கேட்டேவிட்டாள். "என்ன கண்ணு, அந்தப் பொண்ணு மேல ஏதாவது கோபமா? கண்ணாலயே பொசுக்கற?"

கடைசியில் குடைக் கம்பெனியின் இணையதளத்தில் ஒரு படிவத்தைக் கண்டுபிடித்தான். 'என் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, மேற்பார்வையிடுவதில்லை, கட்டுப்படுத்துவதில்லை.' வேலை கொடுத்த இடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் பயணச் செலவைச் சம்பளத்தில் வரிக்கு முன்னால் கழித்துக்கொள்ளலாம். இதைத்தான் அவளும் செய்திருக்கிறாள் என்று முடிவுகட்டினான்.

மேலாளர் பேரி ஹோல்ராய்டு பன்றி இறைச்சி ரொட்டியை ஒரு கையில் பிடித்தபடியே கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷன் கையெழுத்துப் போடாத காகிதமே இல்லை.

"படிச்சுப் பாக்கலையா பேரி?"

"நீ கொண்டு வந்தா சரியாத்தான் இருக்கும். போப்பா, ரொட்டி ஆறுது."

இரண்டு மாதம் டென்ஹோமுக்கு ராஜயோகம். முந்நூற்று எண்பது பவுண்டு வரி மிச்சம். வியாழக்கிழமைகளில் அவனும் எதிரும்புதிருமாக உட்கார்ந்து ரசீதுகளைப் பரப்பினான். ரசீது அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு நாள் தேவையில்லாமல் காபியும் கேக்கும் வாங்கினான். லோரி நிமிர்ந்து பார்த்து, "ஓ, நீங்களும் எழுதி வைக்க ஆரம்பிச்சுட்டீங்களா, நல்லது" என்றாள். இதற்கு என்ன அர்த்தம் என்று அவன் வீடு போகும் வரை குமைந்தான்.

மூன்றாவது மாதம் நீர் நிலையத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து இமோஜென் ட்ரான்டர் என்ற தணிக்கையாளர் அம்மாள் வந்தார். பேரியின் அறைக்கு டென்ஹோமைக் கூப்பிட்டார். மேசையில் குடைக் கம்பெனி அனுப்பிய படிவத்தின் நகல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருநூற்று அறுபது வரைபடங்கள். குடிநீர் நிலையத்தின் விதிப்படி ஒவ்வொன்றின் மூலையிலும் 'மேற்பார்வையிட்டேன்' என்று பேரியின் கையெழுத்து இருந்தது.

"யாரும் மேற்பார்வை பாக்கலன்னு இதுல சொல்றீங்க. பாத்தேன்னு அதுல அவர் சொல்றார். ரெண்டுலயும் ஒரே ஆள் கையெழுத்து. எது பொய் மிஸ்டர் ஆஸ்க்யூ?"

வரைபடம் பொய்யென்றால் இருநூற்று அறுபதையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும், பேரி வீட்டுக்குப் போக வேண்டும். படிவம் பொய்யென்றால் டென்ஹோம் போக வேண்டும். பேரியின் முகம் வெளுத்திருந்தது. அந்த நேரத்திலும் டென்ஹோமின் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"லோரியும்தான் வாங்கறா. அவளை மட்டும் ஏன் கேக்கல?"

"அவங்க இப்படி ஒரு படிவமே கொடுக்கல" என்றார் அந்த அம்மாள். "நாலு பம்பு நிலையம் சுத்தறாங்க. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போற மைலுக்கு மட்டும்தான் கேக்கறாங்க. விடுதி, சாப்பாடு எல்லாம் அவங்க கைக்காசு."

"அப்ப மீனும் சிப்ஸும் எதுக்குப் படம் பிடிக்கறா?"

"வீட்டுக் கணக்கு எழுதுதுப்பா அந்தப் பொண்ணு" என்றார் பேரி சோர்வாக. "அந்த நாலு நிலைய வேலையை மார்ச்ல முதல்ல உன்கிட்டதான் கேட்டேன். மழையில பூட்ஸ் நனையும்னு சொன்னியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருந்தது. தான் வேண்டாமென்று தள்ளிய தட்டைப் பார்த்துத்தான் இத்தனை மாதம் எச்சில் ஊறியிருக்கிறான். வெட்கம் காதுவரை ஏறியது.

"படிவம்தான் பொய்" என்றான். "பேரி ஒவ்வொரு படத்தையும் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தைத்தான் படிக்காம போட்டார்."

முந்நூற்று எண்பது பவுண்டும் திரும்பப் பிடிக்கப்பட்டது. ட்ரான்டர் அம்மாள் நல்ல மனசுக்காரி, வேலையை விட்டு நீக்கவில்லை. ஒப்பந்தம் முடியும்வரை, வரைபடங்களை அந்த நாலு பம்பு நிலையங்களுக்கே கொண்டுபோய் நேரில் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அங்கே வாசல் குறுகல், ஒரு வண்டிதான் நிற்கும். அதனால் லோரியின் காரில்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை காலை மழை கொட்டியது. முன்சீட்டில் வரைபடச் சுருள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பூட்ஸ் ஏற்கெனவே நனைந்திருந்தது. லோரி வண்டியைக் கிளப்பியபடியே சிரித்தாள்.

"டென், ஒரு நல்ல சேதி. வேலைக்கு இன்னொருத்தரையும் ஏத்திக்கிட்டுப் போனா மைலுக்கு அஞ்சு பென்னி கூடுதலாத் தருவாங்களாம். கம்பெனியில கேட்டுட்டேன்."

டென்ஹோம் பெல்ட்டை மாட்டப்போனவன் நிமிர்ந்தான். "யாருக்கு? எனக்கா?"

"உங்களுக்கு எதுக்கு? ஓட்டறவங்களுக்குத்தான்."

முதல் நிலையம் பதினொரு மைல். டென்ஹோம் வழி நெடுக மைல் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தான்.