தொட்டிமேல் வைத்த கடிகாரம்

கருத்தக்கண்ணன் யாரையும் அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். இடது மணிக்கட்டில் கிடக்கும் எஃகுப் பட்டையின் கொக்கியை வலது கட்டைவிரலால் நெம்புவார். டிக்கென்று ஒரு சத்தம் கேட்கும். கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டு, விழுந்துவிடாமல் இருக்கிறதா என்று பையை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அடி விழும். சுருளிப்பட்டியில் அவருடைய திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: "அண்ணன் வாச்சுல கைய வச்சாகன்னா, நீ ரோட்டுல கால வச்சிரு."

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதும் ஊருக்குத் தெரியும். வாய்க்கால் தண்ணீர் முறையில் தகராறாகி, பக்கத்துத் தோட்டத்துக்காரனின் வாயில் இடது கையால் ஓங்கி விட்டபோது அவன் பல்லில் பட்டுக் கடிகாரத்தின் கண்ணாடி உடைந்துபோனது. அவனுக்கு இரண்டு பல் போனது. கருத்தக்கண்ணன் அதற்குப் பிறகு பல வருடம் வருத்தப்பட்டுச் சொன்னது கண்ணாடியைப் பற்றித்தான்.

தொண்ணூற்றாறில் அவர் மகள் சொர்ணலதாவுக்கு ஏழு வயது. அந்த டிக் சத்தத்தை அவள் மிக்சி ஓடும்போதுகூடக் கேட்டுவிடுவாள். கேட்டதும் உரமூட்டை அடுக்கிய அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவள் அம்மா மூக்கம்மாள் ஓடமாட்டாள். சத்தம் கேட்டதும் முதலில் அடுப்பை அணைப்பாள். விழுந்தால் கொதிக்கிற சட்டியின்மேல் விழுந்துவிடக் கூடாதே என்று. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்று வாங்கிக்கொள்வாள்.

கொடி வளர்ப்பில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பந்தலுக்குள் நுழையும்போதே எந்த வரிசையில் சாம்பல் நோய் விழுந்திருக்கிறது என்று வாசனையில் சொல்லிவிடுவார். துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிய மருந்தில் கவாத்துக் கத்தியை முக்கி எடுத்து, இரும்பில் செம்பின் சிவப்புப் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடச் சொல்வார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் மகளைத் தேனிக்குக் கல்லூரிக்கு அனுப்பினார். பொம்பளைப் பிள்ளை விலங்கியல் படித்து மாடு மேய்க்கவா போகிறது என்று கேலி பேசிய சொந்த மச்சானைக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அடித்தார். அந்த வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கப்போகிறவள் அவள். அந்தப் பட்டமும் அதே கையிலிருந்துதான் வந்தது என்ற நினைப்பு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு அடிக்கடி வரும். அதை எந்தப் பக்கம் வைப்பது என்று அவளுக்குத் தெரிந்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறில் அவர் கொச்சிக்குப் போனார். அவருடைய பழத்தை வாங்குகிற மண்டிக்காரர் வீட்டில் கடல்மீன் தொட்டி ஒன்று இருந்தது. ஆற்றுமீன் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர், கடற்பாறை, உயிரோடு விரிந்து சுருங்குகிற பவளம். அரை நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாராம். பதினைந்து நாளில் குமுளி மலைப்பாதை வழியாக நான்கடித் தொட்டி ஒன்று சுருளிப்பட்டிக்கு இறங்கி வந்தது. திராட்சை ஏற்றிப்போன லாரி திரும்பும்போது நீலக் கேன்களில் கடல்தண்ணீர் ஏற்றி வந்தது. பூப்போல் விரிகிற பழுப்புப் பவளம் ஒன்று, காளான் மாதிரிப் பாறையில் படர்கிற பச்சைப் பவளம் ஒன்று, இரண்டு கோமாளி மீன், ஒரு நீல மீன், சிவப்பு முதுகும் நீள மீசையுமாக ஓர் இறால். இறாலுக்குக் 'கணக்குப்பிள்ளை' என்று அவரே பெயர் வைத்தார்.

தொட்டிக்குள் முதல்முறை கைவிடப் போனபோது அவர் கடிகாரத்தைக் கழற்றினார். டிக். மூக்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டாள். மருந்தடிக்கும் ராக்கையா வாசலில் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு இறங்கிவிட்டார். கருத்தக்கண்ணன் கடிகாரத்தைத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் வைத்துவிட்டு, முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டு, ஒரு கல்லை நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து ஏழு மாதம், தினமும் சாயங்காலம் கடிகாரம் கழன்றது. அடி மட்டும் விழவில்லை. பாறை திருத்துவார், பாசி சுரண்டுவார், கணக்குப்பிள்ளை வந்து அவர் விரல் நகத்தைக் கொறிக்கும். கையை ஆட்டாமல் காட்டிக்கொண்டிருப்பார். நாலாவது மாதம் மூக்கம்மாள் சத்தம் கேட்டும் அடுப்பை அணைக்காமல் இருந்தாள். ஆறாவது மாதம் மூடிமேல் இருந்த கடிகாரத்தில் தெறித்த உப்புத் தண்ணீரை முந்தானையால் துடைத்து வைத்தாள். சொர்ணலதாவுக்கு அந்தத் தொட்டி பிழைத்துக் கிடந்தால் போதும் என்றிருந்தது. மீனுக்காக இல்லை.

அவருக்கு அது போதவில்லை. இன்னொரு மீன் வேண்டும் என்றார். புதிதாக வருகிற மீனை ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்று மண்டிக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். கருத்தக்கண்ணன் வந்த அன்றே அதைத் தொட்டியில் கொண்டுவந்து போட்டார். எட்டாம் நாள் அந்த மீன் பாறையில் போய் உடம்பை உரசியது. உரசல் என்பது சின்ன வார்த்தை. ஓடிவந்து மோதியது, செதில் பெயர்ந்தது, மறுபடி ஓடிவந்து மோதியது. பத்தாம் நாள் எல்லா மீன்மேலும் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். நீல மீனின் துடுப்பு கிழிந்து தொங்கியது. கோமாளிகள் செவுள் விரிய மூச்சுக்குத் தவித்தன. அது ஒட்டுண்ணி என்று சொர்ணலதாவுக்குப் பாடத்திலிருந்து தெரியும். தோலுக்குள் புகுந்து தின்று, பெருத்து, கீழே உதிர்ந்து, நூறாகப் பெருகி மறுபடி ஏறும்.

அவள்தான் கொச்சிக்குப் போன் போட்டாள். மண்டிக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "மோளே, செம்பு மருந்து மீனுக்குக் கொள்ளாம், நல்லதாணு. பவளத்துக்கும் இறாலுக்கும் அது விஷமாணு. மீனை மட்டும் பிடிச்சு வேற தொட்டியில இட்டு மருந்து கொடு, கேட்டோ."

நம் துத்தமும் செம்புதான் என்று சேர்த்து, அதை அவள் முதலில் அம்மாவிடம்தான் சொன்னாள். அப்பாவிடம் எதை எப்போது சொல்வது என்பதை முடிவு செய்வது அம்மாதான். சாயங்காலம் தொட்டியருகே இருக்கும்போது சொல், அப்போதுதான் கோபமில்லாமல் இருப்பார்கள் என்றாள் அம்மா.

சாயங்காலம் பாதியைத்தான் அவளால் சொல்ல முடிந்தது. மீனைப் பிடித்து வேறு தொட்டியில் விடணுமாம் அப்பா என்றாள். அவர் கடிகாரத்தைக் கழற்றி மூடிமேல் வைத்துவிட்டு வலையை விட்டார். மீன்கள் பாறை இடுக்குக்குள் போய் ஒளிந்தன. பாறையை இழுத்தார், அடுக்கு சரிந்து பச்சைப் பவளம் நசுங்கியது. வலைக்குள் வந்த நீல மீன் வாலடி முள்ளால் அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டுத் தப்பியது. தண்ணீரில் அவருடைய ரத்தம் புகைபோல் சுற்றியது. கால்மணி நேரத்தில் ஒரு மீனும் கிடைக்கவில்லை. அவர் கையை வெளியே எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, அந்த வெள்ளைப் புள்ளிகளையே பார்த்தார். கொடியின் இலையைத் திருப்பிப் பார்க்கிற அதே பார்வை.

"இது சாம்பல் நோவுதான்" என்றார். "கொடிக்கு வந்தா என்ன, மீனுக்கு வந்தா என்ன. ஏலே ராக்கையா, மோட்டார் ரூம்ல மயில்துத்தம் கெடக்கும், எடுத்துட்டு வா."

மீதிப் பாதி சொர்ணலதாவின் வாயில் இருந்தது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். வெறும் மணிக்கட்டு; கடிகாரம் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அது தொட்டிக்காகக் கழன்றதா, வேறு எதற்குமா என்று இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை.

ராக்கையா துத்தத்தைக் கொண்டுவந்தார். கருத்தக்கண்ணன் அதைப் பிளாஸ்டிக் மக்கில் சுண்டுவிரல் நகத்தளவு கிள்ளிப் போட்டுக் கரைத்தார். அவர் கையளவு தவறாது. மூக்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"அதுக்குள்ள துத்தம் ஊத்தக் கூடாதாம்ங்க. மீனுக்கு ஆகுமாம். அந்தப் பூவுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் வெசமாம். கொச்சிக்காரக சொன்னாகளாம்."

"யாருகிட்டச் சொன்னாக?"

மூக்கம்மாள் மகள் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கிட்டத்தான்" என்றாள்.

"முப்பது வருசமா துத்தத்துல முக்குன கை இது. எனக்கு நீ சொல்லிக் குடுக்கியா?"

டிக் சத்தம் கேட்கவில்லை. கடிகாரம் ஏற்கெனவே மூடிமேல் இருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரும் ரத்தமுமாக நனைந்த அந்தக் கை மூக்கம்மாளின் இடது காதில் விழுந்தது. அவள் தொட்டியின் தாங்கியில் மோதி உட்கார்ந்தாள். அவர் திரும்பி, மக்கிலிருந்த நீலத் தண்ணீரைச் சிந்தாமல் தொட்டிக்குள் ஊற்றினார்.

விடிந்தபோது கணக்குப்பிள்ளை மல்லாந்து கிடந்தது. அதற்கு முன்பே நோய் இருந்திருக்கும் என்றார். மூன்றாம் நாள் மீன்கள்மேல் ஒரு புள்ளிகூட இல்லை. அன்று முழுதும் போகிற வருகிறவர்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு வைத்தியம் தெரியாதா என்று மூக்கம்மாளைப் பார்த்துக் கேட்டார். அவள் காதில் பஞ்சு வைத்திருந்தாள். நான்காம் நாள் பவளங்கள் விரியவில்லை. மூக்குச் சளிபோல் வழிந்து பாறையைவிட்டுக் கழன்றன. பாறைக்குள் இருந்த கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் செத்து அழுகித் தண்ணீர் பாலாக வெளுத்தது. ஐந்தாம் நாள் நோய் தீர்ந்த மீன்கள் நான்கும் பளபளவென்று, ஒரு புள்ளியும் இல்லாமல், செத்து மிதந்தன.

ராக்கையாதான் முதலில் மாட்டினார். வேறு எதையோ கலந்து கொண்டுவந்துவிட்டாய் என்று அவரை முற்றத்தில் போட்டு மிதித்தார். "நம்ம கொடிக்கு அடிக்கிற அதே துத்தந்தாண்ணே" என்று ராக்கையா சொல்லச் சொல்ல மிதி விழுந்தது. பிறகு உள்ளே வந்து கடப்பாரையால் தொட்டியைக் குத்தினார். கண்ணாடி ஒரே சத்தத்தில் பிளந்தது. நாறிய கடல் வீடு முழுக்கப் பரவி வாசற்படி தாண்டி முதல் வரிசைக் கொடி வரைக்கும் போனது. மூடிமேல் இருந்த கடிகாரமும் அதோடு போயிருந்தது. செத்த மீன்களுக்கும் கண்ணாடித் துண்டுகளுக்கும் நடுவில் முட்டிபோட்டு அவர் அதைத் தேடினார். கிடைத்ததும் காதில் வைத்துப் பார்த்தார். ஓடவில்லை. ஓடவில்லையே என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு அது கேட்கவில்லை என்பது அப்போதுதான் சொர்ணலதாவுக்குத் தெரிந்தது.

கதவு இடித்துவிட்டது என்று மூக்கம்மாள் தேனியில் டாக்டரிடம் சொன்னாள். சவ்வு கிழிந்து சீழ் வைத்துவிட்டது, இடது காது இனித் திரும்பாது என்றார்கள். கருத்தக்கண்ணன் கடிகாரத்தைக் கம்பம் டவுனில் கொடுத்துச் சரி பண்ணிக்கொண்டு வந்தார். அது ஓடியது. பழையபடி டிக் கேட்டது. இடப்பக்கம் நின்று கழற்றினால் மூக்கம்மாளுக்குத் தெரியாது. அதனால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஒருமுறை முழங்கை வெந்தது.

சொர்ணலதா பட்டம் வாங்கினாள், சின்னமனூரில் ஒரு பள்ளியில் வேலைக்குப் போனாள். அன்று அந்த மீதிப் பாதியைத் தான் சொல்லியிருந்தால் என்று யோசிப்பாள். சொல்லியிருந்தால் அவள் காது. சொல்லாததால் அம்மா காது. "எங்கிட்டத்தான்" என்ற ஒரு சொல்லில் அம்மா அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பந்தலுக்குள் விழுந்த கருத்தக்கண்ணனுக்கு வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறியது; ஆனால் புரியும். கடிகாரத்தைக் கழற்ற வலது கை வேண்டும். இடது கையை மூக்கம்மாளிடம் நீட்டுவார். அவள் கழற்றுவாள், காலையில் மாட்டிவிடுவாள். முதல் சில நாள் கழற்றும்போது அவள் உடம்பு தானாக ஒருமுறை பின்வாங்கியது.

தை மாதம் ஒரு மத்தியானம். அவள் கட்டிலோரம் வலப்பக்கம் திரும்பி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய இடப்பக்கம் படுத்திருந்தார். தொட்டி இருந்த மூலையை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி புள்ள."

மூக்கம்மாள் மொச்சை உரித்துக்கொண்டே இருந்தாள். வாசலில் நின்ற சொர்ணலதாவுக்குக் கேட்டது. அவள் அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "அப்பா, அந்தக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்ல. இந்தப் பக்கமாச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பதினோரு நாள் கழித்துச் செத்துப்போனார். அந்தப் பதினோரு நாளும் மூக்கம்மாள் அவரைச் சாப்பிட வைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், கடிகாரத்தைக் கழற்றி மாட்டினாள். வலப்பக்கமாக அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் மூக்கம்மாள் கட்டிலை மடக்கப் போனவள் நின்று கேட்டாள்: "ஏத்தா, மொச்ச உரிச்ச அன்னைக்கு ஒங்கப்பா என்னமோ சொன்னாகல்ல? நீகூடக் குனிஞ்சு என்னமோ கேட்டியே. என்ன சொன்னாக?"

கேட்டுவிட்டு அவள் வலது காதை மகள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். சொர்ணலதாவுக்கு அந்த வாக்கியம் அட்சரம் பிசகாமல் தெரியும். ஆனால் அது அவர் கொடுக்க வேண்டியது. அன்று சொல்லாமல் விட்ட மீதிப் பாதிக்காக அவளிடமிருந்து அம்மாவுக்கு வரவேண்டியது வேறு. அதையும் அவள் இன்னும் கொடுத்திருக்கவில்லை.

"தண்ணி கேட்டாகம்மா" என்றாள்.