சந்திரவல்லி உட்கார்ந்த காலை

உட்கார்ந்து வேலை செய்தே பழகிய உடம்பு சந்திரவல்லிக்கு. பதினாறு வயதில் போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கச் சேர்ந்தவள், நாற்பத்து நான்கு வயது வரைக்கும் கோணிமேல் சம்மணம் போட்டு, பச்சைக் காய் தனி, வெளிறியது தனி, வெடித்தது தனி என்று பிரித்துக்கொண்டே இருந்தாள். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்கும் சாக்கில் எட்டிப் பார்த்த முத்துக்கண்ணனை அவள் முதன்முதலில் பார்த்ததும் அந்தக் கோணிமேல் உட்கார்ந்துதான். கல்யாணம் ஆனது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள், பெரியவளுக்கு வளைகாப்பும் போட்டாயிற்று. அதற்குள் ஏலக்காய்த் தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு பிடித்துக்கொண்டது. "இனிமே ஸ்டோர் வாசலையே மிதிக்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் குரங்கணி ரோட்டுக்கு மேலே, காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஆரோக்கிய இல்லத்துக்கு வந்து சேர்ந்தாள். ஊரில் அதற்கு எண்ணெய் பங்களா என்று பெயர். சென்னை, பெங்களூருக்காரர்கள் வந்து செல்போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சிறுதானியக் கஞ்சி குடித்து, மௌன நேரத்தில் வாய் பேசாமல் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவார்கள். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை தியான மண்டப வாசலில் நின்று சுக்குக் கசாயம் ஊற்றிக் கொடுப்பதும் போர்வை எடுத்துக் கொடுப்பதும் சந்திரவல்லியின் வேலை. மலைக்காற்று நெஞ்சைக் கழுவிவிட்டது. வந்த மூன்றாம் மாதமே இளைப்பு போன இடம் தெரியவில்லை.

ஒரே ஒரு விதிதான் அவளைக் கொன்றது. விருந்தினர் கண்ணில் படும் இடத்தில் ஊழியர்கள் உட்காரக் கூடாது.

உள்ளே வந்தவர்களுக்கு எப்படி உட்காருவது என்று வகுப்பு நடக்கும். பத்து நிமிடத்தில் முதுகு வளைந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார்கள். எட்டு மணி நேரம் அசையாமல் உட்காரத் தெரிந்தவள் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடத்தில் இடது கெண்டைக்காலில் நரம்பு மண்புழு மண்புழுவாகச் சுருட்டிக்கொண்டது. "நின்னுக்கிட்டே இருந்தா ஒரு நாளைக்கு வெடிச்சு ரத்தம் கொட்டும். உக்காந்து எந்திரிச்சுப் பாக்குறதா இருந்தா பாரு. இல்லைன்னா வேலையை விட்டுரு" என்றார் டாக்டர். நெஞ்சு ஸ்டோரை விடச் சொல்கிறது, கால் இதையும் விடச் சொல்கிறது. இதையும் விட்டால் அவளுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது?

மேனேஜர் பிரபுவிடம் இரண்டு முறை ஒரு முக்காலி கேட்டாள். அவன் போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்துப் பிள்ளைதான். அவன் அம்மா கலையரசியும் இவளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து காய் பொறுக்கியவர்கள். இரண்டு முறையும் "பாக்கலாம்" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை, வரும் வழியில் முந்தல் என்கிற ஊரில் ஒரு லோடு லாரி குறுக்கே நின்றுவிட்டது. தியான ஆசிரியர் வந்த ஜீப்பு அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மண்டபத்தில் யாருமில்லை. போர்வைகளை மடித்துவைத்து நிமிர்ந்த சந்திரவல்லிக்குக் காலில் சுரீரென்று இழுத்தது. கண் இருட்டியது. ஒரு நிமிடம் என்று நினைத்துக்கொண்டு, முன்னால் ஆசிரியருக்கு விரித்திருந்த பாயில் உட்கார்ந்தாள். சம்மணம் தானாக விழுந்தது. வலி அடங்கட்டும் என்று கண்ணை மூடினாள்.

கண் திறந்தபோது எதிரே பதினொரு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்!

எழுந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். எழவும் முடியவில்லை, கால் மரத்துக் கிடந்தது. மௌன நேரம் வேறு. வாசலில் வந்து நின்ற பிரபு முகம் சிவக்கச் சிவக்க, "எந்திரி, எந்திரி" என்று கையை ஆட்டினான். "முடியலப்பு" என்று இவள் உதட்டை மட்டும் அசைத்துக் காலைக் காட்டினாள். சத்தம் போடவும் வழியில்லாமல் அவன் முக்கால் மணி நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மணி அடித்ததும் முதலில் பேசியது கார்த்திகா என்ற சென்னைப் பெண். "உங்கள பாத்துத்தான் எனக்கே இன்னைக்கு முதுகு நேரா நின்னுச்சுங்க. நீங்க எந்த ஊர் டீச்சர்?"

"டீச்சரா? அட நீங்க வேற ஆத்தா! நான் கசாயம் ஊத்துறவ" என்றாள் சந்திரவல்லி. மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

பிரபு சிரிக்கவில்லை. அலுவலக அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினான்.

"மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. இனிமே உக்கார மாட்டேன்னு இருக்கணும். இல்லைன்னா நாளைக்கு டூட்டிக்கு வர வேணாம்."

"கால் அத்துப்போற மாதிரி வலிச்சுச்சு அப்பு."

"சார்னு சொல்லுங்க."

"சரிங்க சார். உங்கம்மா கலையரசியும் நானும்..."

"அம்மா கதையெல்லாம் இங்க எதுக்கு? சாயங்காலத்துக்குள்ள வெரசா எழுதிக் குடுங்க."

தாளை எடுத்துக்கொண்டு எண்ணெய் அறைத் திண்டில் போய் உட்கார்ந்தாள். அதுவரை வராத கண்ணீர் அப்போது வந்தது. எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்த மெஹ்ராஜ் தாளைப் பார்த்தாள். வந்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவள் வேலை. அவளும் நாள் முழுக்க நிற்கிறவள்தான்.

"எதுக்குக்கா அழுகுற? எங்கண்ணன் ஷகீல் இருக்குற ஜவுளிக்கடையில எல்லாருக்கும் ஸ்டூல் போட்டுட்டாக. வேலை பாக்குறவுகளுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே வந்துருச்சாம்."

"சட்டம் கடைக்குத்தானே? இது மலையில இருக்குது."

"மலையில இருக்குறவுகளுக்குக் கால் இல்லையாக்கும்?"

சந்திரவல்லி மூக்கைச் சிந்திவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஸ்டோரில் சாக்குக்குச் சாக்கு தரம் எழுதிய கை. எழுத்து தெளிவாகவே விழுந்தது.

சாயங்காலம் பிரபு கடிதத்தை வாங்கியபோது, அவன் செல்போனில் சென்னையிலிருந்து முதலாளியம்மா ஒலிபெருக்கியில் இருந்தார். மண்டபத்தில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. "மன்னிப்பு எழுதிட்டாங்களா பிரபு? என்ன எழுதியிருக்காங்க, படிங்க."

பிரபு கடிதத்தைப் பார்த்தான். எதிரே சந்திரவல்லி நின்றுகொண்டிருந்தாள். இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் நின்றாள். புடவைக் கரைக்குக் கீழே அந்த நரம்புகள் நீலமாகத் தெரிந்தன. "எழுதிட்டாங்க மேடம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவன் ஓர் எழுத்து விடாமல் படித்தான்.

"ஐயா, இன்று காலை ஆறே முக்காலுக்கு நான் உட்கார்ந்தது உண்மை. கால் வலித்ததால் உட்கார்ந்தேன். நாளையும் வலிக்கும். அதனால் நாளையும் உட்காருவேன். ஒரு முக்காலி கொடுத்தால் மண்டபத்துப் பாயில் உட்கார மாட்டேன். இப்படிக்கு, மு. சந்திரவல்லி."

கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தன. அவற்றையும் படித்தான். "எனக்கும் வலிக்கிறது, மெஹ்ராஜ். எனக்கும், சமையல் சோலைமலை. எனக்கும், தோட்டம் ரோஜா."

முதலாளியம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க என்ன சொல்றீங்க பிரபு?" என்று கேட்டார்.

"முக்கால் மணி நேரம் இன்னைக்கு நானும் நின்னு பாத்தேன் மேடம்" என்றான் பிரபு. "முடியல. எங்கம்மா வயசு இவங்களுக்கு. சட்டப்படியும் உக்கார எடம் குடுத்தே ஆகணும்."

முதலாளியம்மா முடிவைச் சொன்னார். "சரி, போடுங்க. ஆனா பிளாஸ்டிக் வேணாம். பாக்க நல்லா இருக்கணும், மரத்துல செய்யச் சொல்லுங்க."

சந்திரவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. பிரபு நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டான். "உக்காருங்க அத்தை" என்றான்.

புதன்கிழமை போடியிலிருந்து ஜீப்பில் ஆறு மர முக்காலிகள் வந்து இறங்கின. வியாழக்கிழமை காலை மண்டப வாசலில் சந்திரவல்லி தன்னுடையதில் உட்கார்ந்திருந்தாள். வலிக்கிற காலை நீட்டி ஒரு மனைப்பலகைமேல் வைத்திருந்தாள். கார்த்திகா கசாயத்துக்கு வந்து நின்றாள். பழக்கதோஷத்தில் சந்திரவல்லியின் உடம்பு எழப்போனது. தொடையில் கையை ஊன்றியவள், ஊன்றிய கையை எடுத்துவிட்டு, கெண்டியைச் சாய்த்து நிதானமாக ஊற்றினாள். கார்த்திகா குனிந்து இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"பாத்து வாங்கு ஆத்தா, சூடா இருக்கு" என்றாள் சந்திரவல்லி, உட்கார்ந்தபடியே.