ஐப்பசியில் ஓடிய தேர்

எங்கள் அம்மன் கோயிலில் தேர் சித்திரை மாதத்தில்தான். ஒரேயொரு ஆண்டு மட்டும் அது ஐப்பசியிலும் ஓடியது. 1976 என்று உறுதியாகச் சொல்வேன். நான் நான்காம் வகுப்பில் இருந்த ஆண்டு அது. அந்தத் தேரை எவரும் பார்க்கவில்லை. அது ஒருவர் கேட்பதற்காகவே ஓடியது. அவரும் அப்போது ஏதோவொரு கடலில் இருந்தார்.

அவர் என் அப்பா. வல்வெட்டித்துறையில் கப்பலுக்கு ஆள் போகாத வீடு குறைவு. ஆகையால் தகப்பன் இல்லாத வீடு எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், யாருக்கும் புதுமையல்ல. அப்பா கடிதம் எழுதுவதை விட்டு, கசெற்றில் பேசி அனுப்பத் தொடங்கியிருந்தார். நாங்களும் அப்படியே பேசி அனுப்புவோம். அதற்காக அவர் கொண்டுவந்து தந்த ரேப் றெக்கோடர், அம்மா பின்னிய துணியொன்றால் மூடப்பட்டு மேசையில் இருக்கும்.

வீட்டில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்றில் நாங்கள். மற்றதில் அப்பாவின் தமையன், அதாவது பெரியப்பா, பெரியம்மாவுடனும் மூன்று பையன்களுடனும் இருந்தார். அந்த ஆண்டு ஆனியில் பெரியப்பாவுக்குத் திருகோணமலையில் வேலை கிடைத்தது. ஒரு லொறியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். அதன் பிறகு அந்தப் பெரிய வீட்டில் நானும் அம்மாவும்தான். பொழுதுபட்டதும் அம்மா பெரியப்பாவின் பகுதிக்குப் போய், விளக்கைப் போட்டு, சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு அணைத்துவிட்டு வருவார். ஒழுங்கையால் போகிறவர்கள் வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமாம்.

அவர்கள் போன செய்தியை அப்பாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. பெரியப்பாவையும் எழுதவேண்டாமென்று அம்மா கேட்டிருந்தார். ஆனால் புரட்டாதியில் அப்பாவிடமிருந்து வந்த கசெற்றில் ஓரிடத்தில் இப்படி இருந்தது:

“இந்த முறை உங்கடை கசெற்றிலை மணிக்கூட்டுச் சத்தம்தான் கூடக் கேக்குது. அண்ணை ஆக்கள் எங்கை? பெடியளின்ரை சத்தத்தையே காணேல்லை.”

அம்மா அந்த இடத்தை மறுபடியும் போட்டுக் கேட்டார். பிறகு என்னைச் சின்ன மாமாவிடம் அனுப்பினார்.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. கோயில்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி கட்டுவது அவருடைய தொழில். அம்மா சொன்னதை அவர் தேநீர் குடித்தபடி கேட்டார்.

“நாங்கள் தனிய இருக்கிறம் எண்டு தெரிஞ்சால் அவர் அடுத்த துறைமுகத்திலை இறங்கீடுவார், தம்பி.”

“இறங்கட்டுமே. அத்தானைப் பாத்தும் கனகாலம்.”

“முந்தி ஒருக்கா இறங்கி வந்து பட்டது காணாதே?”

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். முன்பொரு முறை எனக்குச் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை, வந்து கடுமையாயிருந்தபோது அப்பா ஒப்பந்தம் முடியுமுன்னரே கப்பலை விட்டு வந்துவிட்டார். இடையில் இறங்கியவர் என்று பெயர் விழுந்ததால், பிறகு நெடுங்காலம் எந்தக் கப்பலிலும் அவரைக் கூப்பிடவில்லை. நாள்தோறும் கடற்கரைக்குப் போய் மற்றவர்களின் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாருடனும் பேசாமல் வீடு திரும்புவார். அந்த முகத்தை அம்மா இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. எனக்கோ அது அப்பா வீட்டில் இருந்த காலம் என்பது மட்டுமே நினைவில் இருந்தது.

“சரி, வீட்டுக்குச் சத்தம் வேணும். அவ்வளவுதானே அக்கா?” என்றார் மாமா.

அடுத்த சனிக்கிழமை அவர் தன் மிக்ஸரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அது குமிழ்கள் வைத்த ஓர் இரும்புப் பெட்டி. ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு சத்தம் சொந்தம். திருப்பினால் அந்தச் சத்தம் மட்டும் கூடும் அல்லது குறையும். ஒரு மைக்கை எங்கள் மேசையில் வைத்தார். இன்னொன்றை நீளமான வயரில் கொண்டுபோய், கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே ஒரு முருங்கைக் கொப்பில் கட்டினார். அயல் வீட்டுப் பையன்களை இனிப்புத் தருவதாகச் சொல்லி அழைத்துவந்து முற்றத்தில் விட்டார்.

அவர்களில் மூத்தவன் விஷயத்தில் கவனமானவன். “நாங்கள் ஆர் மாதிரிச் சத்தம் போடவேணும்?” என்று கேட்டான்.

“இவளின்ரை பெரியப்பாவின்ரை பெடியள் மாதிரி.”

“அவங்கள் எப்பிடிப் போடுறவங்கள்?”

“உங்களிலும் பாக்க மோசமாய்.”

அதை அவர்கள் மனப்பூர்வமாகச் செய்தார்கள். சேவலைத் துரத்தினார்கள், வாளியைக் கிணற்றுக்குள் விட்டு இழுத்தார்கள், ஒருவனையொருவன் அடித்து உண்மையாகவே அழுதார்கள். மாமா முற்றத்துக் குமிழைத் திருப்பி, அந்தக் கலகத்தை அடுத்த அறையில் நடப்பதுபோல் தள்ளிவைத்தார். அம்மா பேசினார். எப்போதும்போல மெதுவாகத்தான். ஆனாலும் பின்னால் அத்தனை பேர் இருப்பதால், வேலைக்கு நடுவே வந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற ஒருத்தியின் குரலாக அது மாறிவிட்டது.

பிறகு என் முறை. அம்மா சொல்லித்தந்தபடி பள்ளிக்கூடம், சுகம், கணக்கில் எடுத்த புள்ளி எல்லாம் ஒப்புவித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் சில நாட்களாக நானாக நினைத்து வைத்திருந்தது ஒன்று இருந்தது.

“அப்பா, பெரியப்பா ஆக்கள் திருகோணமலைக்குப் போட்டினம். இஞ்சை நானும் அம்மாவும்தான் இருக்கிறம். நீங்கள் எப்ப வருவியள்?”

அம்மாவின் கை என் வாய்க்கு வந்துசேர முன்னரே எல்லாம் பதிவாகிவிட்டது. வெளியில் என் பெரியப்பாவின் பிள்ளைகள் இன்னமும் அழுதுகொண்டிருந்தார்கள்.

மாமா றெக்கோடரை நிறுத்தினார். “அந்த இடத்தை அழிக்கட்டோ அக்கா?”

அம்மா என் பக்கம் திரும்பினார். எனக்கு அடிதான் விழப்போகிறதென்று நினைத்தேன். அவர் என் தலைமயிரை ஒதுக்கிவிட்டார்.

“பிள்ளையின்ரை குரல்தானே. அழிக்கவேண்டாம். மேலாலை ஏதேன் போட்டு மூடிவிடு.”

மாமாவிடம் மூடுவதற்கு ஒரு பொருள் இருந்தது. சித்திரையில் எங்கள் கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டியபோது, அளவெட்டியிலிருந்து வந்த நாதசுர கோஷ்டியின் வாசிப்பைத் தேர் அன்று முழுவதுமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். எங்கள் பேச்சு ஒரு றெக்கோடரில், தேர் இன்னொன்றில். இரண்டையும் மிக்ஸர் வழியாகப் புதிய கசெற் ஒன்றில் சேர்ப்பது அவருடைய திட்டம்.

ஞாயிறு பகல் முழுவதும் அதற்குப் போனது. மேளம் எங்கே நிற்கவேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

“கோயில் இஞ்சையிருந்து கூப்பிடு தூரம். அத்தானுக்கும் அந்தத் தூரத்திலைதான் கேக்கவேணும்,” என்றார் என்னிடம். “கூட்டினால் மேளகாரர் குசினிக்குள்ளை வந்து நிப்பினம். குறைச்சால் கோயில் கடலுக்கு அங்காலை போயிடும்.”

குறைத்தார், கூட்டினார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சத்தம் சரியாக வந்த பின்னும் நாதசுரம் கிட்ட நிற்பதுபோல் இருந்தது. தூரத்துச் சத்தத்துக்குக் கூர் இராது என்று சொல்லி, இன்னொரு குமிழால் அதன் கூரை மழுக்கினார். உடனே கோயில் தன் இடத்துக்குப் போய்விட்டது. இதற்கெல்லாம் தனிப்பெயர்கள் உண்டென்று பிற்காலத்தில் நூல்களில் வாசித்திருக்கிறேன். அன்றைக்கு அது எங்கள் வீட்டைச் சுற்றி ஓர் ஊரை வைப்பதுபோல் இருந்தது. சொந்த வீட்டில் நடக்காத அத்தனையையும் நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் கேள்வி வருகிற இடத்தில் தேர் வடம் பிடிக்கும்படி அவர் கணித்து வைத்திருந்தார். வெடி, மணி, அரோகரா, மேளத்தின் உச்சம் எல்லாம் ஒன்றாக எழுந்தன. மேளத்தின் குமிழ் மேலே போயிற்று. ஆனால் மற்றக் கை என் குரலின் குமிழில் அசையாமல் இருந்ததை நான் கண்டேன். அதை அவர் குறைக்கவில்லை. அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் போட்டுப் பார்த்தோம். தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல இருந்தாலும், காது கொடுத்தால் என் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“கேக்குதே, தம்பி,” என்றார் அம்மா.

“நினைச்சுக் கேட்டால் கேக்கும். கப்பல் இரைச்சலுக்குள்ளை ஆர் நினைச்சுக் கேக்கப்போகினம்?”

அப்பா நினைத்துத்தான் கேட்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கசெற்றின் உறையில் அம்மா வழக்கம்போல வடிவான எழுத்தில் மாதத்தையும் திகதியையும் எழுதினார். அடுத்த நாள் அது கொழும்புக்குப் போகிற ஒருவரின் கையில் கொடுக்கப்பட்டது.

பதில் தை மாதத்தில் வந்தது. மாமாவையும் அழைத்துவைத்துக்கொண்டு கேட்டோம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். “சேவலுக்கு என்ன தடிமனே? கூவுறது அடைச்சுப்போய்க் கிடக்கு.” கிணற்றுக் கப்பி கீச்சிடுகிறது, எண்ணெய் விடவேண்டும் என்றார். “அண்ணையின்ரை மூத்தவன்ரை குரல் நல்லாய் மாறிப்போச்சு. பெடியன் வளந்திட்டான்.” தேர் நன்றாக நடந்திருக்கிறது, கேட்கச் சந்தோஷம் என்றார். அம்மாவுக்கு இருமல் இருப்பதுபோல் தெரிகிறது, மருந்து எடுக்கவேண்டும் என்றார். அப்படியொரு இருமலை நாங்கள் மூவரும் கவனித்திருக்கவேயில்லை.

சிறிது நேரம் கப்பலின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு:

“பிள்ளை கடைசியிலை என்னவோ கேட்டவள். மேளத்துக்குள்ளை ஒண்டும் விளங்கேல்லை, குஞ்சு.”

அவ்வளவுதான். அடுத்துச் சாமான்களைப் பற்றிப் பேசினார்.

மாமா கசெற்றை வெளியே எடுத்தார். “அக்கா, கசெற்றிலை திகதி போட்டனீங்களே?”

“போட்டனான்.”

“ஐப்பசியிலை என்ன தேர் எண்டு அத்தான் ஒரு வார்த்தை கேக்கேல்லையே.”

“கேக்கமாட்டார்,” என்றார் அம்மா. எழுந்துபோய்ச் சமையலறையில் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

எனக்கு மாமாவின்மேல் கடுங்கோபம். “நீங்கள் மேளத்தைக் கூட்டினது கூடிப்போச்சு,” என்றேன்.

“இல்லையடி பிள்ளை. அது அளவாய்த்தான் இருந்தது,” என்றார் அவர். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். பங்குனி வரையில் அவருடன் கதைக்கவில்லை.

குற்றம் என் குரலிலும் இருக்கலாம் என்று பிறகு தோன்றியது. மேளத்தை மீறிக் கேட்கிற குரல் எனக்கு இல்லை. அடுத்த கசெற்றுக்குள் அதை உண்டாக்கிவிடவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியப்பாவின் வெறும் பகுதிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நடுவில் நின்று, அதே கேள்வியை உரத்துக் கேட்டுப் பழகினேன். சாமான் இல்லாத சுவர்கள் குரலைப் பெரிதாக்கித் தந்தன. ஒவ்வொரு நாளும் முதல் நாளைவிடப் பலமாக வந்ததில் எனக்குத் திருப்தியாக இருந்தது.

சுவருக்கு அப்பால் அந்த நேரத்தில் அம்மா மிளகாய் இடிப்பார். நான் கேட்கத் தொடங்கியதும் உலக்கைச் சத்தம் நின்றுவிடும். நான் ஓய்ந்து, கதவைத் திறந்து வெளியே வந்த பிறகுதான் மறுபடி தொடங்கும். என் பயிற்சி கெடக்கூடாதென்று அம்மா எனக்காகச் சத்தத்தைக் குறைக்கிறார் என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.